ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல ஒரு வீடு

எட்டாம் நம்பர் பல்பு எரிஞ்சப்பதான் எல்லாமே கெட்டுச்சு. திறப்பு விழா மேளம் இன்னும் நிக்கல, கவுன்சிலர் கையில கத்தரிக்கோல் அப்படியே இருக்கு, பவளம் கார்டன்ல அத்தனை வீட்டுலயும் ஒரே நேரத்துல ஃபிளஷ் அமுக்கச் சொல்லி விசில் ஊதினாங்க, பம்ப் ஹவுஸ் பேனல்ல தொண்ணூத்தாறு பச்சை பல்பும் மளமளன்னு மின்னி மின்னி அணைஞ்சுது, எட்டு மட்டும் அணையாம நின்னு எரிஞ்சுது, கேஜ் முள்ளு அறுபதுலேர்ந்து அம்பது, நாப்பத்தஞ்சு, முப்பத்தெட்டுன்னு படி இறங்குற மாதிரி இறங்குச்சு, கடைசித் தெருவுல எல்லாரும் பாக்கட்டும்னு வாசல்ல பூவெல்லாம் சுத்தி வச்சிருந்த தொண்ணூத்திமூணாம் வீட்டு டாய்லெட் பெருசா ஒரு ஏப்பம் விட்டு, உள்ள வாங்கினத எல்லாம் வெளிய அனுப்பி வச்சிடுச்சு. அந்த வீட்டுக்காரர் குஞ்சிதபாதம், ரிட்டயர்டு தாசில்தார், குடியிருப்போர் சங்கச் செயலாளர், முழங்கால் வரைக்கும் நனைஞ்ச பட்டு வேட்டியோட தெருவுல வந்து நின்னப்ப, மேளம் தானா நின்னுபோச்சு.

பேனல் முன்னாடி நின்ன நிறைமதிக்கு இடது கால் ஆட ஆரம்பிச்சுது. அவ டிசைன் இது. இருபத்தாறு வயசு, சென்னை ஆபீஸ்ல உக்காந்து ஏழு மாசம் தூங்காம கொள்ளாம போட்ட முதல் டிசைன், சாப்பிடும்போதும் இதே பேச்சு, பஸ்ல பக்கத்து சீட்டு அம்மாகிட்டகூட, "ஸ்ட்ரா போட்டு இளநீ உறியுறோம்ல ஆன்ட்டி, அதே மாதிரி ஒரு ஊரையே உறியலாம்"னு விளக்கிட்டு வந்தவ. தூத்துக்குடிக்கு வெளிய, பழைய உப்பளத்த மேடாக்கிப் போட்ட மனைங்க இது, ரெண்டு அடி தோண்டினா உப்புத் தண்ணி எட்டிப் பாக்கும், சாதாரண சாக்கடைக்கு வேணுங்கற ஆழமும் சரிவும் இங்க ஜென்மத்துக்கும் கிடைக்காது, அதனாலதான் வேக்குவம், காத்தால உறிஞ்சி இழுக்கிற சாக்கடை. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் தரைக்குள்ள ஒரு சேம்பர், அதுல ரெண்டு குடம் தண்ணி சேர்ந்ததும் வால்வு தானா தொறந்து, ஒம்பது செகண்டு 'ஸ்ஸ்ஸ்'னு உறிஞ்சிட்டு மூடிக்கும். முள்ளு நாப்பதுக்குக் கீழ மட்டும் போகக்கூடாது, போனா கடைசித் தெரு கதை கந்தல்.

எல்லாம் சரி. ஆனா பவளம் கார்டன்ல எட்டாம் நம்பர்னு ஒரு வீடே கிடையாது.

மனை போட்டவங்க எட்ட விட்டுட்டாங்க. எட்டு ராசியில்ல, சனி நம்பர், யாரும் வாங்க மாட்டாங்கன்னு ஏழுக்கு அடுத்து ஒம்பதுன்னு கல்லு நட்டுட்டாங்க, ஊரு உலகத்துல எல்லா லேஅவுட்லயும் நடக்கிறதுதான். சென்னையில உக்காந்திருந்த நிறைமதி கடைசிக் கல்லு நம்பரப் பாத்தா, தொண்ணூத்தாறு, கம்ப்யூட்டர்ல ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தாறு வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்து விட்டா, வீட்டுக்கு அஞ்சு பேரு, ஆளுக்கு நூத்தி முப்பத்தஞ்சு லிட்டர்னு போட்டா, முடிஞ்சுது. குழி தோண்டினவங்களும் டிராயிங்ல இருக்கு, நமக்கென்னன்னு, ஏழாம் வீட்டு மதிலுக்கும் ஒம்பதாம் வீட்டு மதிலுக்கும் நடுவுல இருந்த நாலடி சந்துல எட்டாம் நம்பர் சேம்பர ஒழுங்கா இறக்கி, குழாயோட அடுத்த முனைய மூடி போட்டு மண்ணுக்குள்ள புதைச்சிட்டுப் போயிட்டாங்க.

பம்ப் ஆபரேட்டர் சவரிமுத்து கடப்பாரையால சேம்பர் மூடியத் தூக்கினார். உள்ள வெதுவெதுன்னு ஆவி வந்துச்சு. அரிசி களைஞ்ச தண்ணி, சீயக்காய் வாசம், ரெண்டு கறிவேப்பிலை. மண்ணுல புதைச்ச குழாயிலேர்ந்து, வீடே இல்லாத பக்கத்துலேர்ந்து, நிதானமா வந்துகிட்டிருந்துச்சு.

"ஆளு இருக்காவ மேடம்," என்றார், பஸ் வந்துட்டுன்னு சொல்ற மாதிரி.

"எங்கண்ணே இருக்காங்க? சந்துதானே இருக்கு!"

"அது எனக்குத் தெரியாது. காலையில பதினொரு மணிக்கு அரிசி களையுதாவ. லேட்டா எந்திரிக்கிற வீடு போல."

நிறைமதி மீட்டர் மாட்டி ஒரு வாரம் பாத்தா. மத்த வீடெல்லாம் ஒரு நாள் முந்நூறு, ஒரு நாள் எண்ணூறு, விருந்தாளி வந்தா ஆயிரம்னு இஷ்டத்துக்கு ஆடுச்சு. எட்டாம் வீடு மட்டும் திங்கள் அறுநூத்தி எழுபத்தஞ்சு, செவ்வாய் அறுநூத்தி எழுபத்தஞ்சு, புதன் அறுநூத்தி எழுபத்தஞ்சு. அஞ்சு பேரு, ஆளுக்கு நூத்தி முப்பத்தஞ்சு, ஒரு டம்ளர் கூடல குறையல. அவ டிசைன் பண்ண தொண்ணூத்தாறு வீட்டுல டிசைன்படி வாழ்ந்தது அது ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லல. சென்னையிலேர்ந்து பாஸ் கருணாகரன் போன் பண்ணி, "எட்டாம் நம்பர்ல என்னம்மா கோளாறு?"ன்னு கேட்டப்ப, "ஏதோ லீக் சார், பாத்துட்டிருக்கேன்"னு சொல்லிட்டு, அன்னிக்குப் பூரா பேனா மூடியக் கடிச்சுகிட்டே நாலு தெருவையும் சுத்திச் சுத்தி வந்தா.

அவதான் தவிச்சா. ஊரு தவிக்கல. ஊரு அதுக்கு இடம் போட்டுக் குடுத்துடுச்சு.

முதல்ல ஏழாம் வீட்டு ஜீனத். காயல்பட்டினத்துக்காரங்க, அம்பது வயசு, தெருவே ராத்தா, அதாவது அக்கான்னுதான் கூப்பிடும். "நல்ல குடும்பம்மா," என்றாங்க மூணாம் நாளே. "சண்ட சத்தம் இல்ல, டிவி சத்தம் இல்ல, நம்ம மதில்ல ஈரத் துணி போடுறதில்ல. இதவிட என்ன வேணும் பக்கத்து வீட்டுக்கு?" அப்புறம் அவங்க யாருங்கற பேச்சு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை தண்ணியில மீன் செதில் வருது, அதனால நம்மாளுதான்னு சவரிமுத்து சொன்னார். வெள்ளிக்கிழமை மஞ்சத் தண்ணி வருதே, அது யாராம்னு ஒம்பதாம் வீட்டுல கேட்டாங்க. வியாழக்கிழமை ராத்தா மூக்க வச்சுப் பாத்துட்டு, "அத்தர் வாசம் வருது, பேசாம இருங்க"ன்னு முடிச்சு வச்சாங்க. ஆக, மூணு பக்கமும் அவங்கள விட்டுக் குடுக்கல. கோயில் கொடைக்கு ஒரு நோட்டீஸ், சர்ச் திருவிழாவுக்கு ஒரு நோட்டீஸ், நிக்காஹ் பத்திரிக்கை ஒண்ணு, எல்லாம் சேம்பர் மூடி இடுக்குல சொருகினாங்க, மறுநாள் பாத்தா எதுவும் இருக்காது.

குஞ்சிதபாதத்துக்கு மட்டும் மனசு ஆறல, பட்டு வேட்டி போன கோபம். ஒரு நாள் எட்டாம் வால்வுல தலைமுடி சிக்கிச்சு, அதுதான் சாக்கு. சங்கத்து லெட்டர்ஹெட்ல எழுதினார்: 'வீட்டு எண் 8 குடியிருப்போர் கவனத்திற்கு. சேம்பரில் முடி, துணி, தேங்காய் நார் போடுவது தண்டனைக்குரியது.' மூடிமேல ஒட்டிட்டு வந்தார். மறுநாளிலேர்ந்து ஒரு முடி வரல. மனுஷன் அப்படியே உருகிட்டார். "சர்வீஸ்ல எத்தனை நோட்டீஸ் விட்டிருக்கேன் தெரியுமாம்மா? படிச்சு நடந்த முதல் குடும்பம் இதுதான்!"

இப்படி மூணு மாசம் ஓடுச்சு. விசில் ஊதி எல்லாரும் சேர்ந்து அமுக்காத வரைக்கும் முள்ளு நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணுன்னு மூச்சப் புடிச்சிட்டு நின்னுச்சு. நாலாம் மாசம் ஒரு செவ்வாக்கிழமை மீட்டர் எண்ணூத்திப் பத்து காட்டுச்சு. நிறைமதி தட்டிப் பாத்தா, தொடச்சுப் பாத்தா, எண்ணூத்திப் பத்துதான். மறுநாளும் அதே. சந்துக்கு ஓடினா, அங்க ராத்தா ஏற்கனவே மூடிய நகத்தி வச்சுகிட்டு, கண்ண மூடி மோந்துகிட்டு நின்னாங்க.

"வசம்பு," என்றாங்க. "பால். பேபி சோப்பு. அல்லாவே, பிள்ள பொறந்திருக்கு!"

"பொறந்த பிள்ளைக்கு நூத்தி முப்பத்தஞ்சு லிட்டரா ராத்தா?"

"ஒங்க கணக்குல பிள்ளைக்கின்னு தனியா ஏதும் உண்டா?"

கிடையாது. ஆளுன்னா நூத்தி முப்பத்தஞ்சு, பெருசு சிறுசு பேச்சே இல்ல, அவளே கண்ணால படிச்ச கையேடு.

அன்னிக்கு சாயங்காலம் ராத்தா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய இனிப்பு மக்ரூன் வாங்கி, அடியில அவங்க பேரு வெட்டின அதே டப்பாவோட சேம்பருக்குள்ள இறக்கினாங்க. குழாய் வாயி மூணு இஞ்ச், டப்பா ஆறு இஞ்ச், ஆனா வால்வு தொறந்து மூடினப்ப டப்பா இல்ல. பம்ப் ஜாம் ஆயிடும்னு அடிச்சுப் புடிச்சு டேங்குக்கு ஓடின சவரிமுத்து, கம்பிய விட்டுத் துழாவிட்டு வெறுங்கையோட வந்தார். "டேங்குக்கு வரல. அவுக எடுத்துட்டாவ."

கொண்டாட்டம் ரெண்டு நாள்தான். பச்சப்பிள்ளை இருக்கிற வீடு, துணி துவைச்சு மாளாது, எட்டாம் பல்பு எந்நேரமும் எரிஞ்சுது, காலையில முள்ளு முப்பத்தொம்பதுக்கு விழுந்துச்சு, கடைசித் தெரு டாய்லெட்டுங்க ஒண்ணொண்ணா இழுக்க மாட்டேன்னு நின்னுச்சுங்க. குஞ்சிதபாதம் தினமும் காலையில துண்டத் தோள்ல போட்டுகிட்டு முதல் தெருவுக்கு, ராத்தா வீட்டு வெளி பாத்ரூமுக்கு, யாரையும் பாக்காம நடந்து வந்தார்.

புதன்கிழமை கருணாகரனே நேர்ல வந்தார். சனிக்கிழமை ஒப்படைப்பு டெஸ்ட், காலை ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் முள்ளு நாப்பதுக்குக் கீழ ஒரு தடவ போகக்கூடாது, போனா இந்தத் திட்டத்தையே தூக்கிட்டு மறுபடியும் லாரிதான்னு சொன்னார். நிறைமதி பேரும் கூடவே தூக்கப்படும்ங்கறத சொல்லாம சொன்னார்.

"சார், நான் மூணு பம்பு கேட்டிருந்தேன். நீங்க ரெண்டு போட்டீங்க."

"தொண்ணூத்தஞ்சு வீடு வரைக்கும் ரெண்டு போதும். ரூல் அது. நிக்கிறது தொண்ணூத்தஞ்சுதானே? எட்டுல ஒரு மூட்டை சிமென்ட்டக் கொட்டி அடைச்சிடு. லீக்குன்னுதானே சொன்ன?"

நிறைமதிக்கு இடது கால் மறுபடியும் ஆடிச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் சவரிமுத்து சிமென்ட் மூட்டையத் தள்ளுவண்டியில கொண்டாந்து சந்துல இறக்கினார், ரெண்டு குடம் தண்ணிய ஊத்திக் குழைச்சார், சட்டிய அவ பக்கத்துல வச்சுட்டு மதில்ல சாஞ்சுகிட்டார். "நான் போட மாட்டேன் மேடம். சம்பளத்த வேணா புடிச்சுக்கோங்க. நீங்க டிராயிங் போட்டவுக, நீங்களே போடுங்க." நிறைமதி மூடியத் தூக்கி முட்டி போட்டு உக்காந்தா. உள்ளேர்ந்து இளஞ்சூடா ஆவி, பால் வாசம், ஒரு சின்னக் கொப்பளிப்பு, யாரோ கைப்பிள்ளைக்கு வாய் கழுவி விட்ட மாதிரி. சிமென்ட் இறுகிகிட்டே இருந்துச்சு. இந்த அஞ்சு பேரு எங்கேர்ந்தும் வரல, அவ விரலுக்கு அடியிலேர்ந்துதான் வந்தாங்க, ஒரு இழுப்புல, யோசிக்காம, ஒரு தடவ நேர்ல வந்து பாத்திருந்தா இவங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லங்கறது அவ நெஞ்சுல வந்து உக்காந்துச்சு.

குனிஞ்சு சேம்பருக்குள்ள பேசினா.

"வணக்கங்க. என் பேரு நிறைமதி. நான்தான் உங்கள இங்க போட்டேன். எட்டு இல்லன்னு எனக்குத் தெரியாதுங்க. என் தப்பு. லீக்குன்னு பொய் சொன்னேன், அதுவும் என் தப்பு."

பின்னாடி ராத்தா குரல். "எதம்மா தப்புன்னு சொல்லுறீங்க? உள்ள பிள்ளையோட இருக்கவளுக்குக் காது கேக்கும்லா?"

திரும்பிப் பாத்தா, ராத்தாவுக்குப் பின்னாடி ஒம்பதாம் வீடு, அதுக்குப் பின்னாடி அந்தத் தெரு, சந்துல நிக்க இடமில்லாம மதில் மேலயும் தலைங்க. கடைசித் தெருக்காரங்களும் வந்திருந்தாங்க, அவங்க மூஞ்சி மட்டும் வேற மாதிரி இருந்துச்சு.

"அடைச்சா எங்களுக்கு விடியும்," என்றாரு அதுல ஒருத்தர். "இல்லாத வீட்டுக்காக இருக்கிற வீடு நாறணுமா?"

எல்லாரும் குஞ்சிதபாதத்தப் பாத்தாங்க. எல்லாரையும்விட நாறினது அவர் வீடுதான். அவர் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுகிட்டார்.

"முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ்," என்றார். "இருக்கிற ஆள இல்லன்னு எழுதச் சொல்லி எத்தனையோ பேரு வந்தாங்க. ஒருத்தனுக்கும் எழுதிக் குடுக்கல. இப்ப ரிட்டயர்டு ஆனப்புறம் கக்கூசுக்காக எழுதுவேனா?" துண்ட உதறித் தோள்ல போட்டார். "ஏம்மா இன்ஜினியர், அவங்க ஊத்துறத ஊத்தட்டும். நாங்க அடக்கிக்கிட்டா முள்ளு நிக்குமா?"

நிறைமதி சிமென்ட் சட்டி விளிம்புலயே விரலால கணக்குப் போட்டா. நிக்கும். தெருவுக்கு ஒரு மணி நேரம்னு முறை வச்சா நிக்கும். நாப்பத்தொண்ணுல நிக்கும்.

சனிக்கிழமை மாதிரி ஒரு நாள பவளம் கார்டன் பாத்ததில்ல. முறை வந்த தெரு ஓடிச்சு, முறை வராத தெரு நடந்துச்சு, சும்மா உக்காந்தா ஞாபகம் வருதுன்னு எல்லாரும் நடந்தாங்க, ஒருத்தர் பாதித் தூரத்துல நின்னு விட்டத்தப் பாக்கிற மாதிரி வானத்தப் பாத்தார், இன்னொருத்தர் மாமியார் வீட்டுக்கு ஆறு வருஷத்துக்கு அப்புறம் பாசமாக் கிளம்பிப் போனார், தண்ணி குடிக்கிறவங்கள மத்தவங்க முறைச்சாங்க, பாத்திரமெல்லாம் கழுவாம மொட்டைமாடி ஏறிச்சு, யாரும் யார்கிட்டயும் ஜோக் சொல்லக்கூடாதுன்னு குஞ்சிதபாதம் சர்க்குலர் விட்டார், அதப் படிச்சே ரெண்டு பேரு சிரிச்சுட்டு வீட்டுக்கு ஓடினாங்க. முள்ளு நாப்பத்திமூணு, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு நடுங்கிச்சு. நிறைமதி பேனலுக்கும் சந்துக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோச்சு.

டெஸ்ட் பாக்க வந்த அதிகாரி தமயந்தி மேடம், ஒல்லியா, தோள்ல துணிப்பையோட, காலையிலேர்ந்து பேனல் பக்கத்துலயே உக்காந்து குறிச்சுகிட்டிருந்தாங்க. அஞ்சே முக்காலுக்குக் கேட்டாங்க.

"நாள் பூரா எட்டு எரியுதே. எட்டாம் வீட்டப் பாக்கலாமா?"

"அது லீக் மேடம்," என்றார் கருணாகரன் அவசரமா.

"லீக் இல்ல மேடம்," என்றா நிறைமதி. சொன்னதும் கால் ஆடுறது நின்னுச்சு. "நான் தப்பா போட்ட சேம்பர். ஆனா அதுல ஆறு பேரு இருக்காங்க. வாங்க காட்டுறேன்."

சந்துக்குக் கூட்டிட்டுப் போனா. தமயந்தி மேடம் இந்தப் பக்கம் ஏழப் பாத்தாங்க, அந்தப் பக்கம் ஒம்பதப் பாத்தாங்க, நடுவுல நாலடி மண்ணையும் ஊரு மொத்தத்தையும் பாத்தாங்க.

"வீடு எங்க?"

"வீடு தெரியலங்க," என்றாங்க ராத்தா. "ஆளுங்க நல்ல ஆளுங்க."

அப்ப வால்வு தொறந்துச்சு. ஒம்பது செகண்டு. உள்ள ஏதோ கணகணன்னு தட்டுச்சு. சவரிமுத்து மூடியத் தூக்கி, கைய விட்டு எடுத்தார். ராத்தாவோட எவர்சில்வர் டப்பா. வெளியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம், தொறந்தா உள்ள ஒரு பொட்டு ஈரமில்ல, விளிம்பு வரைக்கும் கல்கண்டு.

"பாத்தியளா," என்றாங்க ராத்தா. "வாங்கின பாத்திரத்த வெறுசாத் திருப்பல."

டப்பாவக் கவுத்துப் பேரப் பாத்தாங்க. ஜீனத்துன்னு பழைய வெட்டு. அதுக்குக் கீழ, இன்னும் பளபளப்பு போகாம, புள்ளி புள்ளியா புதுசா ஒரு பேரு.

சவரிமுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு நிமிர்ந்தார். "மேடம், நிறைமதின்னு இருக்கு. ஒங்க டப்பாவா?"

"இல்லண்ணே." அவ விரலால அந்தப் புள்ளி எழுத்தத் தடவிப் பாத்தா.

"பிள்ளைக்கு வச்சிருக்காவ," என்றாங்க ராத்தா. "பொம்பளப் பிள்ள."

தமயந்தி மேடம் ஒரு கல்கண்ட எடுத்து வாயில போட்டுகிட்டு, ஃபைலத் தொறந்து, இணைப்புகள்ங்கற இடத்துல தொண்ணூத்தாறுன்னு எழுதினாங்க. கருணாகரன் மூஞ்சி தொங்கிச்சு. "தொண்ணூத்தாறுன்னா மூணு பம்பு," என்றாங்க அவர்கிட்ட. "ரூல் அது." மணி ஆறு ஆச்சு, விசில் ஊதினாங்க, பவளம் கார்டன் மொத்தமும் ஒரே ஓட்டமா வீட்டப் பாக்க ஓடிச்சு.

மூணாவது பம்பு ரெண்டு மாசத்துல வந்துடுச்சு. நிறைமதியக் கார் பார்க்கிங்குக்குக் கோடு போடுற பிரிவுக்கு மாத்திட்டாங்க, கால் மறுபடியும் ஆட ஆரம்பிச்சுடுச்சு. மேப்பு கையில கிடைச்சா முதல்ல நம்பரத்தான் தேடுறா, எட்ட விட்ட இடத்துல எல்லாம் பென்சில் நின்னுபோகுது, கார் நிறுத்துற இடத்துலயும் ஒண்ணு கூடுதலாப் போட்டு வைக்கிறா, ஒருவேளை அவங்க வண்டி வாங்கினா?

இப்ப நீங்க சொல்லுங்க, உங்க தெருவுல ஏழுக்கு அடுத்து ஒம்பதுதானே வருது? காலையில பல்லு விளக்கிட்டுத் தண்ணிய ஊத்துறப்ப, நீங்க ஊத்தினதுக்கு மேல இன்னும் ஒரு சொம்பு, பக்கத்துல யாரோ ஊத்தின மாதிரி, குழாய்ல இறங்குற சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கா?